ஜோஸப் மெரிக்

யானை மனிதன் என்ற பட்டப் பெயரால் உலகம் அறிந்த ஜோஸப் கேரி மெரிக் இறந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அவரைப் பற்றி நூல்களும், நாடகமும், திரைப்படமும் தோன்றியிருக்கின்றன. அவற்றைக் கண்டோர் பலரும் அவர்பால் இரக்கங்கொண்டு கண்ணீர் உகுத்துச் செல்கின்றனர். இரக்கத்தைக் குறைகூற நாம் முன்வரவில்லை. ஆயினும், அம்மனிதர் தம் வாழ்நாளெல்லாம் தேடியது உழைத்துப் பிழைப்பதற்கு ஒரு வழியே என்பதை மறப்பது அவருக்கு இழைக்கும் அநீதியாகும் என்று கருதுகிறோம்.

1862-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் ஓர் எளிய குடும்பத்தில் அவர் பிறந்தார். பிறந்தபொழுது குறையேதும் தென்படவில்லை. சில ஆண்டுகளில் நெற்றி எலும்பு புடைத்தது. தோல் தடித்துத் தொங்கியது. வலக்கையும் பாதங்களும் அளவுக்கு மீறிப் பருத்தன. இடக்கை மட்டும் யாதொரு பழுதுமின்றி மென்மையாகவே இருந்தது. கருவுற்றிருந்த தாயை யானை ஒன்று அச்சுறுத்தியதே இதற்குக் காரணமென அக்குடும்பத்தார் நம்பினர். எத்தேசத்திலும் இத்தகைய பழி தாயின் தலையிலேயே விழுகிறது! அந்தத் தாயும் 1873-ல் காலமானார். தந்தை மறுமணம் புரிந்தார். பிள்ளைக்கு வீட்டில் நிம்மதி இல்லாமற் போயிற்று.

பள்ளியை விட்டதும் மெரிக் சுருட்டுத் தொழிற்சாலையில் வேலைக்கமர்ந்தார். வலக்கை பருத்துச் சுருட்டுச் சுற்ற இயலாமற் போகவே, அவ்வேலை போயிற்று. பின்னர் தந்தையின் கடைச் சரக்கைத் தெருத்தெருவாகச் சுமந்து விற்றார். முகத்தைக் கண்டவர்கள் கதவைச் சாத்தினர், கூட்டம் பின்தொடர்ந்தது, விற்பனை உரிமமும் பறிபோயிற்று. 17-ம் வயதில், 1879 டிசம்பரில், வேறு கதியின்றி லெஸ்டர் ஏழைகள் விடுதியில் புகுந்தார். அக்காலத்தில் உலகின் பெருஞ் செல்வமெல்லாம் திரண்டிருந்த நாடு, வேலை செய்ய விரும்பிய ஓர் இளைஞனுக்கு அளிக்க முடிந்தது அவ்வளவுதான்.

1884-ல் தம்மைக் காட்சிப் பொருளாக்கிக்கொள்ள அவரே முடிவு செய்து, காட்சிக்காரர்களுக்கு எழுதினார். வயிற்றுப்பாட்டுக்குத் தம் உடலைத் தவிர வேறு முதல் அவரிடம் இல்லை. லண்டனில் வைட்சாப்பல் ரோட்டில், லண்டன் ஆஸ்பத்திரிக்கு எதிரேயிருந்த ஒரு கடையில் டாம் நார்மன் என்பவர் அவரைக் காட்சிக்கு வைத்தார். வருவாயில் சரிபாதி மெரிக்குக்கே சேர்ந்ததென்று நார்மன் பிற்காலத்தில் கூறினார். எதிரேயிருந்த ஆஸ்பத்திரியிலிருந்து பிரெடரிக் டிரீவ்ஸ் என்ற ரணவைத்தியர் வந்து பார்த்தார்; தலையின் சுற்றளவு 36 அங்குலமென்றும், வலது மணிக்கட்டு 12 அங்குலமென்றும் அளந்தறிந்தார்; அவ்வாண்டு டிசம்பரில் வைத்திய அறிஞர் சபை ஒன்றின் முன் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினார். கடையில் கட்டணம் செலுத்திப் பார்த்தவர்களுக்கும், சபையில் கட்டணமின்றிப் பார்த்தவர்களுக்கும் இடையே எவ்வளவு வேற்றுமை உண்டென்பதை வாசகர்களின் யோசனைக்கே விட்டுவிடுகிறோம். சந்தை மாட்டைப்போல் நிறுத்தப்பட்டதாக உணர்ந்து, மறுமுறை அங்கே செல்ல மெரிக் மறுத்ததாக நார்மன் எழுதியிருக்கிறார்.

போலீஸார் கடையை மூடிவிட்டனர். ஐரோப்பாவில் காட்சி நடத்தப் புறப்பட்ட மெரிக்கை அங்கே அழைத்துச் சென்றவன், அவர் சேமித்திருந்த ஏறக்குறைய 50 பவுனைக் களவாடிக்கொண்டு கைவிட்டான். 1886 ஜூனில் லண்டன் ரயில் நிலையத்தில் தளர்ந்து விழுந்த அவரிடம் எஞ்சியிருந்தது டிரீவ்ஸின் முகவரிச் சீட்டு ஒன்றே.

தீராத நோயாளிகளை வைத்துக்கொள்ள ஆஸ்பத்திரி விதி இடந்தரவில்லை. தலைவர் கார் காம், டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். பொதுஜனங்களின் நன்கொடை குவிந்தது. ஆயுள் முழுதும் தங்க அறைகள் கிடைத்தன. அலெக்ஸாண்டிரா இளவரசி வந்து கைகுலுக்கினார். மெரிக் படித்தார், கடிதங்கள் எழுதினார், பழுதற்ற இடக்கையின் துணையால் அட்டைகளைக் கொண்டு மாதாகோயில் உருவம் ஒன்றைச் சமைத்தார். அந்த உருவம் அழியாமல் இருக்கிறது. சுருட்டுச் சுற்ற உதவாதவை என்று தள்ளப்பட்ட கைகள் சமைத்தது அது.

தலையின் பாரத்தால் அவர் உட்கார்ந்தபடியே, முழங்கால்மீது தலை சாய்த்து உறங்குவது வழக்கம். 1890 ஏப்ரல் 11-ந் தேதி படுக்கையில் மல்லாந்து இறந்து கிடந்தார். வயது 27. மற்றவர்களைப்போல் படுத்துறங்க முயன்றிருக்கலாமென்பது டிரீவ்ஸின் ஊகம்.

நோயின் பெயர் அப்பொழுது எவருக்கும் தெரியாது. 1983-ல் வீடெமான் என்ற ஜெர்மானிய வைத்தியர், உருமாறும் கிரேக்கக் கடல் தேவனின் பெயரால் இத்தகைய நோய்க்குப் புரோட்டியஸ் என்று பெயரிட்டார். மெரிக்குக்கு இருந்தது இதுவே என்று 1986-ல் ஆராய்ச்சியாளர் இருவர் கூறினர். பலரும் அதை ஏற்றுள்ளனர். 2011-ல் இந்நோயின் காரணம் வெளிப்பட்டது. கரு உருவானபின் அதிலுள்ள ஏதோ ஓர் உயிரணுவில் ஏகேடி1 என்ற மரபணு பிறழ்கிறது. அந்த அணுவின் சந்ததி பரவிய இடங்கள் மட்டும் கட்டின்றி வளர்கின்றன. ஒரு கை பருத்து மறு கை செவ்வனே இருந்ததன் இரகசியம் இது. பெற்றோரிடமிருந்து வருவதன்று, தாயின் அச்சத்தால் விளைவதுமன்று.

மெரிக்கின் எலும்புகளிலும் சோதித்தனர். அவற்றை வெளுப்பதற்காகப் பன்முறை சுத்தம் செய்திருந்தபடியால் முடிவான விடை கிட்டவில்லை. டிரீவ்ஸ் 1923-ல் வெளியிட்ட நூலில் தம் நோயாளியின் பெயரை ஜான் என்றே எழுதினார். பலரும் நெடுங்காலம் அதையே திருப்பி எழுதினர். தெய்வபக்தியுள்ள கிறிஸ்தவராய் வாழ்ந்த அம்மனிதரின் எலும்புக்கூடு அடக்கம் செய்யப்படாமல், லண்டனில் வைத்தியக் கல்விக்கான சேகரத்தில் இருக்கிறது. லெஸ்டரில் அதை அடக்கம் செய்யவேண்டுமென்று கேட்போர் உளர்.