ஆதர் ஆஷ்: அடக்கத்தின் ஆற்றல்

அடக்கம் என்பது அஞ்சி ஒடுங்குதல் அன்று. வலியோன் தன் வலிமையைத் தானே ஆளுதலாகும். இவ்வுண்மையைத் தம் வாழ்வால் விளக்கியவர் அமெரிக்க ரெனிஸ் வீரர் ஆதர் ஆஷ்.

அன்னார் 1943ஆம் ஆண்டு யூலை 10ஆந் திகதி வர்ஜீனியா மாநிலத்து றிச்மண்ட் நகரிற் பிறந்தார். ஆறு வயதில் அன்னையை இழந்தார். தந்தையார் கறுப்பினத்தவர்க்கென ஒதுக்கப்பட்ட விளையாட்டு மைதானமொன்றின் பராமரிப்பாளர். மைதானத்துள்ளேயே அவர்களது வீடு. அருகே ரெனிஸ் களங்கள். வெள்ளையர் ஆடிய களங்களோ அச்சிறுவனுக்கு அடைக்கப்பட்டிருந்தன.

அவருக்குப் பயிற்சியளித்தவர் வைத்தியர் வோல்டர் ஜோன்சன். கறுப்பினச் சிறுவர் சிறிது சினந்தாலும் அதனையே சாட்டாக வைத்து வெளியேற்றுவர் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆதலால், நடுவரோடு வாதாடலாகாது. கோட்டுக்குச் சற்று வெளியே விழும் பந்தையும் உள்ளே விழுந்ததாகவே கொண்டு ஆடவேண்டும் என விதித்தார். நிறவெறியின் காரணமாக எழுந்த அவ்விதி, ஆஷிடத்தில் உயர்ந்த பண்பாக முதிர்ந்தது.

1963இல் டேவிஸ் கிண்ணத்துக்கான அமெரிக்க அணியில் இடம்பெற்ற முதற் கறுப்பினத்தவரானார். 1966இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிற் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். 1968இல், இராணுவ அதிகாரியாயிருந்தபோதே அமெரிக்கப் பகிரங்கப் போட்டியில் வென்றார். தொழின்முறை வீரரல்லாமையால் 14,000 டொலர் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. தோற்ற ரொம் ஒக்கரே அதைப் பெற்றார். 1970இல் அவுஸ்திரேலியப் பட்டமும் அவரதாயிற்று.

1975ஆம் ஆண்டு விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் இளைஞரான ஜிம்மி கொனர்ஸை எதிர்த்தார். கொனர்ஸே வெல்வாரெனப் பலரும் எண்ணினர். வேகத்துக்குப் பெயர்போன ஆஷ் அன்று வேகத்தை அடக்கி, மெதுவான தாழ்ந்த பந்துகளையே அனுப்பினார். 6-1, 6-1, 5-7, 6-4 என வென்று, விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் பெற்ற முதற் கறுப்பின ஆடவரானார்.

அவரது மென்மையைக் கோழைமையென இகழ்ந்தோரும் இருந்தனர். அவரோ செயலால் விடையளித்தார். நிறவெறி ஆட்சி நிலவிய தென்னாபிரிக்கா அவருக்கு அனுமதி மறுத்தது. 1973இல் அங்கு சென்று ஆடினார். 1985இல் வாஷிங்ரனிலுள்ள அந்நாட்டுத் தூதரகத்தின் முன் மறியல் செய்து கைதானார். அமெரிக்கக் கறுப்பின விளையாட்டு வீரரின் வரலாற்றை ஆராய்ந்து 1988இல் நூலாக வெளியிட்டார்.

1979இல் இருதய நோய் தாக்கியது. அடுத்த ஆண்டு ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றார். 1983இல் இரண்டாம் இருதய சத்திரசிகிச்சையின் போது ஏற்றப்பட்ட இரத்தத்தினால் எயிட்ஸ் கிருமி தொற்றியது. 1988இல் அதை அறிந்தும் அவர் விதியை நோகவில்லை. 1992இல் அதனை உலகறியச் சொல்லி, அந்நோயை ஒழிக்கும் பணிக்கெனத் தாபனமொன்றை நிறுவினார். அவ்வாண்டிலேயே, நலிந்த உடலுடன், எயிற்றி நாட்டு அகதிகளுக்காக வெள்ளை மாளிகை முன் மறியல் செய்து மீண்டும் கைதானார். 1993 பெப்ரவரி 6ஆந் திகதி, 49ஆம் வயதில் உயிர்நீத்தார்.

அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தலைவர்களின் சிலைகள் நின்ற றிச்மண்ட் வீதியிலே 1996இல் ஆஷுக்கும் சிலை எழுந்தது. அத்தலைவர்களின் சிலைகள் 2020, 2021ஆம் ஆண்டுகளில் அகற்றப்பட்டன. ஆஷின் சிலை நிலைத்து நிற்கின்றது.

இளைஞர்காள்! களத்தில் நாவை அடக்குங்கள். அநீதியின் முன் அடங்கிவிடாதீர்கள். இவ்விரண்டும் ஒருவரிடத்தில் ஒருங்கே அமையும் என்பதற்கு அன்னாரின் வாழ்வே சான்று.