கோரல் மில்லுக்கு வந்த வக்கீல்

கப்பலோட்டிய தமிழன் படம் பார்த்த ஜாசின், அலோர்காஜா தோட்டத்துப் பெரியவர்களுக்கு வ.உ.சி. என்றதும் சிவாஜி முகம்தான் நினைவுக்கு வரும். நாம் சொல்ல வந்தது கப்பல் கதை அல்ல, கூலிக் கதை.

1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார் சிதம்பரனார். தகப்பனாரைப் போல இவரும் வக்கீல். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி வெள்ளைக்காரனோடு மோதினார்.

தூத்துக்குடி கோரல் மில்லும் வெள்ளைக்காரனுடையதுதான். விடியுமுன் உள்ளே போனால் பொழுது சாய்ந்துதான் வெளியே வரலாம். ஞாயிறு லீவும் கிடையாது. பெரட்டுக்கு ஓடிய நம்ம பாட்டன்மாருக்கு இதெல்லாம் புதுசா என்ன? 1908 பிப்ரவரி 27-ல் ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணைக்கு நின்றார்கள். சரி, அடுப்பு எப்படி எரியும்? வக்கீல் ஊருக்குள் பணம் திரட்டினார்; ஆட்களுக்கு வெளியில் வேலையும் பார்த்துக் கொடுத்தார். முதலாளி பக்கம் பேசிய ஒருவருக்கு முடிவெட்டுகிறவர் சவரம் செய்யவே மறுத்துவிட்டாராம்! பத்து நாளைக்குள் மில் இறங்கி வந்தது. கூலி ஏறியது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு லீவும் கிடைத்தது. கப்பலைவிட இதுதான் அரசாங்கத்துக்கு அதிகம் உறுத்தியிருக்கும் என்பது நம் எண்ணம்.

மார்ச் 12-ல் பிடித்துக்கொண்டு போனார்கள். ராஜத்துரோகமென்று 40 வருஷத் தண்டனை, அப்பீலில் குறைந்தது. கோவைச் சிறையில் மாடு இழுக்கும் செக்கை இழுத்தார். 1912 கடைசியில் வெளியே வந்தபோது கப்பல் கம்பெனியும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் மண்ணெண்ணெய் விற்றுப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். பின்னாளில் சன்னதைத் திரும்ப வாங்கிக் கொடுத்தவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. அந்த நன்றிக்கு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். 1936 நவம்பர் 18-ல் அதே தூத்துக்குடியில் கண்மூடினார்.