இடைவெளி விடாத ஓவியர்

குழந்தைகளே! எங்கள் திருக்கோஷ்டியூர்ப் பக்கம் வந்தால், பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றின் தரையைக் குனிந்து பாருங்கள். ஆத்தங்குடியில் செய்த பூக்கல் பதித்திருப்பார்கள். சில கற்களில் கால் பூதான் இருக்கும். நான்கு கல் சேர்ந்தால் முழுப் பூ! கூடம் முழுக்கப் பதித்துவிட்டால், எது எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் திரையின் பின்னணியிலும் இப்படித்தான் ஒரு சின்னப் படத்தை ஒட்டுத் தெரியாமல் அடுக்குகிறார்கள்.

இந்த வித்தையில் உலகையே வியக்க வைத்தவர் எஷர். அவர் அடுக்கியது பூக்களை அல்ல. பல்லி, மீன், பறவைகளை!

நெதர்லாந்து நாட்டில் 1898-ல் பிறந்தார். அப்பா பெரிய பொறியாளர். பையனுக்கோ படிப்பு ஏறவில்லை. இரண்டு முறை ஒரே வகுப்பில் மறுபடி உட்கார்ந்தார். பள்ளி இறுதித் தேர்விலும் தோல்வி. கட்டடக்கலையாவது படிக்கட்டும் என்று 1919-ல் ஹார்லெம் நகரக் கலைப்பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே மெஸ்கிட்டா என்ற ஆசிரியர் இவருடைய படங்களைப் பார்த்தார். மரத்தில் செதுக்கி அச்சிடும் கலைதான் இவனுக்கு ஏற்றது என்று கண்டுகொண்டு, தன் மாணவனாக்கிக் கொண்டார். எல்லாம் ஒரே வாரத்தில்! நானும் ஆசிரியராக இருந்தவன். அது லேசான காரியமில்லை.

ஸ்பெயின் நாட்டில் அல்ஹாம்ப்ரா என்றொரு பழைய அரண்மனை. அதன் சுவர் ஓடுகளில் நட்சத்திரங்களும் கோணங்களும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கும். 1922-ல் பார்த்த எஷர், 1936-ல் மனைவியுடன் மறுபடி போய் நாள் கணக்கில் உட்கார்ந்து அவற்றை வரைந்தார். ஏன் உயிருள்ளவற்றை இப்படிப் பொருத்தக்கூடாது என்ற எண்ணம் அவரை விடவில்லை. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு பறவையின் முதுகுக் கோடுதான் அடுத்த பறவையின் வயிற்றுக் கோடு. ஒன்றைத் தொட்டால் மற்றதும் மாறிவிடும்.

நீங்களும் செய்து பார்க்கலாம். சதுர அட்டையின் இடப்பக்கத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். அதைத் திருப்பாமல் அப்படியே நகர்த்தி, வலப்பக்க விளிம்பில் ஒட்டுங்கள். மேல்பக்கம் வெட்டியதைக் கீழ்ப்பக்கம் ஒட்டுங்கள். அட்டையை வைத்துச் சுற்றிலும் கோடு போட்டு, ஒட்டி ஒட்டி நகர்த்துங்கள். இடைவெளியே விழாது! கண்ணும் வாலும் நீங்கள் வரைய வேண்டியது.

இரண்டாம் உலகப்போர் வந்தது. மெஸ்கிட்டா யூதர். 1944-ல் நாஜிப் படையினர் அவரைக் குடும்பத்தோடு பிடித்துப் போனார்கள். ஆசிரியரும் மனைவியும் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார்கள். ஆசிரியரைப் பார்க்கப் போன எஷர் கண்டது வெறும் வீட்டை. படங்கள் தரையில் சிதறிக் கிடந்தன. கிடைத்தவற்றை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்க் காப்பாற்றினார். அதில் ஒன்றில் பூட்ஸ் கால் தடம். அதைத் துடைக்காமல் அப்படியே பத்திரமாக வைத்திருந்தார்.

1954-ல் உலகக் கணித மேதைகள் ஆம்ஸ்டர்டாமில் கூடியபோது, எஷரின் படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். கணக்கில் தடுமாறிய பையனின் படங்களுக்குள் எவ்வளவு கணிதம் என்று மேதைகளே அதிசயித்தார்கள்! ஆனாலும் சூத்திரங்கள் எஷருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

இடைவெளி விடாத படங்களுக்கு எண் போட்டு நோட்டுகளில் சேர்த்து வந்தார். 1972-ல் தமது 73-வது வயதில் காலமானபோது எண் 137-க்கு வந்திருந்தது. அந்தக் கடைசிப் படத்தில் இருப்பவை என்ன தெரியுமா? குட்டிப் பேய்கள்!