சைதாப்பேட்டைப் பக் துரை

சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கென மதுரையினின்றும் இரவு வண்டியேறிச் செல்லும் தமிழ் மாணவர் பலர். நந்தனத்தில் அவர்கள் புழுதிபட நடந்து திரிந்த திடல் யாருடையது என்று வினவின், ஒய்.எம்.சி.ஏ. திடல் என்பதோடு விடை நின்றுவிடும். அத்திடல் நூல் விற்பதற்கென்று உண்டானதன்று. நூலையே பற்றிக்கொண்டு உடலை மறந்திருந்த நம் பள்ளிகளுக்கு ஆசிரியரை உண்டாக்கித் தருதற்கென எழுந்த ஒரு கல்லூரியின் ஆடுகளம் அது. அக்கல்லூரியை நிறுவியவர் ஹாரி குரோ பக் என்பவர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

பக் துரை 1884ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் பென்சில்வேனியா மாகாணத்திலே பிறந்தவர். கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தாருக்கென ஸ்பிரிங்பீல்டு நகரில் நடைபெற்ற கல்லூரியிற் பயின்றவர். 1891இல் பனிக்காலத்தில் வெளியே ஆட இயலாது அடைபட்டுக் கிடந்த மாணவரின் பொருட்டு, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளைச் சுவரின் மேற்புறத்து மாடத்தில் அறைந்து கூடைப்பந்தாட்டத்தைப் படைத்தது அவ்விடத்திலேதான். உடல், மனம், ஆவி என்னும் மூன்றும் ஒரு முக்கோணத்தின் மூன்று பக்கங்கள் என்ற கொள்கையும் அங்கே பணிபுரிந்த லூதர் குலிக் என்பவர் வகுத்தது. ஒரு பக்கத்தை எடுத்துவிட்டால் முக்கோணம் ஏது? இக்கொள்கையை நெஞ்சிற் கொண்டே பக் துரை 1919இல் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

வந்தவர் கண்டது யாது? அந்நாளைப் பள்ளிகளில் டிரில் மாஸ்டர் என்று ஒருவர் இருப்பார். பெரும்பாலும் பட்டாளத்தினின்றும் ஓய்வுபெற்ற சிப்பாய் அவர். சம்பளமோ சொற்பம், ஏனைய ஆசிரியர் நடுவே மதிப்போ அதனினும் சொற்பம். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கையைத் தூக்கு, காலை மடக்கு என்று கூவுவார். எதற்காகத் தூக்குகின்றோம் என்று பிள்ளைக்கும் தெரியாது; அவருக்கும் எவரும் கற்பித்ததில்லை. பந்தாட்டம் இருந்த பள்ளிகளிலும் பதினொருவர் ஆட, மற்றையோர் கரையில் நின்று கைதட்டுவதே வழக்கம். பக் துரை இக்குறையின் வேரைச் சரியாகவே கண்டார் என்பது எமது துணிபு. பந்துகளை வாங்கிக் கொடுத்தலும் போட்டிகளை நடத்திப் பரிசளித்தலும் எளியன. அவற்றை அவர் முதற்கண் கருதவில்லை. மருத்துவனுக்கும் வழக்குரைஞனுக்கும் முறையான கல்வி இருப்பது போல, உடலைப் பயிற்றும் ஆசிரியனுக்கும் ஒரு கல்வி வேண்டும் என்று எண்ணினார். 1920இல் சென்னையில் சிறிய அளவில் அவர் தொடங்கிய பள்ளியே, பின்னர் அடையாற்றங்கரையில் சைதாப்பேட்டையை அடுத்த பரந்த நிலத்தில் கல்லூரியாய் வளர்ந்தது. இந்திய நாட்டில் இத்துறைக்கென எழுந்த கல்லூரிகளுள் அதனை முதலாவதாகக் கொள்வர்.

அங்கே பயில வந்தோர் ஆடக் கற்றதோடு அமையவில்லை. எலும்பும் தசையும் இயங்கும் வகை, மூச்சும் குருதியோட்டமும் உழைப்பால் மாறும் வகை, வயதுக்கேற்ற ஆட்டம் எது, மெலிந்த பிள்ளையை எவ்வாறு தொடக்குவது என்பனவும் அவர்களுக்குப் பாடமாயின. ஐம்பது பிள்ளைகளுக்கு ஒரு பந்தே உள்ள பள்ளியில் யாது செய்வது? வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கொரு தலைவனை அவர்களுள்ளேயே அமர்த்தி, ஒரு குழு பந்தாடும்போது மற்றொன்று ஓட, வேறொன்று தாண்ட, நேரத்திற்கொருமுறை இடம் மாற்றிக்கொண்டால் எவனும் சும்மா நிற்கவேண்டியதில்லை. கேட்பதற்கு இஃது எளிது. பயிற்சியில்லாதவர் ஒருவர் ஊதுகுழலோடு ஐம்பது சிறுவர் நடுவே நின்று பார்த்தால்தான் இதன் அருமை தெரியும்.

மேனாட்டு ஆட்டங்களையே இறக்குமதி செய்தார் என்று அவரைக் குறைகூறுவாரும் உளர். அது முழுதும் பொருந்தாது. நம் நாட்டு விளையாட்டுக்களுக்கும் அவர் கல்லூரியில் இடமிருந்தது. ஆட்டங்களின் விதிகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட நூல் பள்ளிதோறும் உடற்பயிற்சி ஆசிரியரின் கைந்நூலாய் விளங்கிற்று. சென்னை அரசாங்கத்தாரும் இத்துறையில் அவருடைய ஆலோசனையை நாடினர்.

1924இல் பாரிசு நகர ஒலிம்பிக் பந்தயங்களுக்கு இந்தியா அனுப்பிய தடகள வீரர் எண்மருக்கு மேலாளராய்ச் சென்றவரும் இவரே. நம் சென்னையின் சி. கே. இலட்சுமணன் அவர்களுள் ஒருவர். பதக்கம் ஒன்றும் கிட்டவில்லை. ஆயினும் ஏ. ஜி. நோரன் என்னும் மற்றொரு வாலிபர் சங்க ஊழியரும் இவரும் மாகாணந்தோறும் விதைத்த முயற்சியினின்றே 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் முளைத்தது என்க.

நிற்க. பாரிசைப் பாடும் நாம் நம் மதுரையைச் சற்று நோக்குவோம். மேலூரிலும் சோழவந்தானிலும் திருமங்கலத்திலும் அறுவடைக்குப் பின் கழனியிலே கபடி ஆடிய பிள்ளைகளும், வைகையின் வறண்ட மணலிலே மட்டையும் பந்துமாய் மாலையைப் போக்கும் பிள்ளைகளும் உடலுழைப்பை அறியாதவரல்லர். அவர்களே பத்தாம் வகுப்பை எட்டியவுடன் அட்டவணையில் பி.டி. என்று எழுதிய நேரம் கணக்குக்கோ அறிவியலுக்கோ ஈந்தளிக்கப்படுகின்றது. ஆண்டிறுதித் தேர்வு நெருங்க நெருங்கத் திடல் வெறிச்சோடிப் போகின்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில் 5 முதல் 17 வயதுடையோர்க்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்று வரையறுத்தது. பக் துரையின் பள்ளி தோன்றி அப்பொழுது சரியாக 100 ஆண்டு. உடம்பைப் பேணிய திருமூலரைத் தேர்வுக்குக் கருத்தூன்றிப் படிக்கும் பொருட்டே மாணவர் திடலை மறப்பது எமக்கு நகைப்பையும் ஒருங்கே வருத்தத்தையும் தருகின்றது.

விளையாட்டு விழாவன்று வெற்றிக் கிண்ணம் ஏந்துவோர் சிலரே. ஓடினால் இளைக்கும் பிள்ளையும், பருத்த உடலைக் கண்டு பிறர் நகைப்பரென்று மரத்தடியில் ஒதுங்கும் பிள்ளையும் பலர். டிரில் மாஸ்டர் அவர்களைக் கண்டதில்லை. கிண்ணத்தையே நோக்கும் பள்ளியும் காண்பதில்லை. அவர்களைப் பெயர் சொல்லி அழைத்து ஒரு குழுவிற் சேர்க்கத் தெரிந்தவரே சைதாப்பேட்டை உருவாக்க விரும்பிய ஆசிரியர்.

இருபத்து நான்கு ஆண்டுகள் இந்நாட்டில் உழைத்த பக் துரை, உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1943ஆம் ஆண்டில் காலமானார். கல்லூரிக்கு அதனால் இறுதி நேரவில்லை. அதனிற் பயின்றோர் தென்னாட்டுப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பரவினர். வேறிடங்களில் அத்தகைய கல்லூரிகள் எழுந்தபொழுது அங்கும் சென்று கற்பித்தனர். காலை வெயில் ஏறுமுன்பே திடலில் சுண்ணாம்புக் கோடிட்டு, ஊதுகுழலைக் கழுத்தில் மாட்டி, முதல் மணிக்குக் காத்து நிற்கும் ஆசிரியர் இன்றும் நம் பக்கத்துப் பள்ளிகளில் உளர்.