பஸ் நிற்கக் கூடாது என்று மொட்டை டயருக்கு உயிர் கொடுத்தவர்

ரெயில்வேயில் ஒரு வேலை கிடைத்துவிட்டால் வாழ்க்கை கரையேறிவிட்டது என்று நினைக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். நானும் ரெயில்வேயில் பேனா பிடிப்பவன்தான். மாதம் பிறந்தால் சம்பளம் என்ற நிம்மதியின் ருசி எனக்கும் தெரியும். அப்படிப்பட்ட ரெயில்வே வேலையை விட்டு, பிறகு பேங்கு வேலையையும் விட்டு, 34-வது வயதில் சொந்தத் தொழிலில் இறங்கினார் ஒருவர். அவர்தான் டி.வி.எஸ். என்று ஊரே அறிந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார்.

நெல்லைச் சீமையில் உள்ள திருக்குறுங்குடியில் 1877-ம் ஆண்டு பிறந்தார். தந்தையின் விருப்பத்துக்காக வக்கீல் தொழில் பார்த்தார். மனம் ஒட்டவில்லை. அதன் பிறகுதான் ரெயில்வேயும் பேங்கும்.

1911-ல் மதுரையில் தன் பெயரில் நிறுவனம் தொடங்கினார். மறு ஆண்டே அவருடைய பஸ் ஓடியது. மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் நிறைந்த கப்பிச் சாலையில் மோட்டார் பஸ் விடுவது அன்று துணிச்சலான காரியம். பஸ் எப்போது வரும், வருமா என்பதே ஜனங்களின் சந்தேகம். அந்தச் சந்தேகத்தைத்தான் அவர் முதலில் தீர்த்தார். சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டு, சொன்ன நேரத்துக்குச் சேர வேண்டும். டி.வி.எஸ். பஸ்சைப் பார்த்துக் கடிகாரம் திருத்திக்கொண்டதாக மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள்.

லாட ஆணி

நேரம் தவறாமல் ஓட வேண்டுமானால் வழியில் டயர் வெடிக்கக் கூடாது. மாட்டுக்கும் குதிரைக்கும் அடித்த லாடத்தின் ஆணி கழன்று சாலை எங்கும் கிடக்கும். பஞ்சர்களில் பெரும்பாலும் அதன் கைவரிசை. அதற்காக, பெரிய காந்தம் கட்டிய வண்டியை முன்னே அனுப்பி, ஆணிகளைப் பொறுக்கிய பிறகே பஸ்சை விட்டார் என்று ஒரு செய்தி தென் மாவட்டங்களில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. தாராவியிலோ சயனிலோ பஞ்சர் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் இதைப் படித்தால், வியாபாரத்தைக் கெடுத்த மனிதர் என்று சிரிக்கக்கூடும்!

யுத்தம் வந்தது

பஸ்சோடு லாரியும் சேர்ந்தது. சதர்ன் ரோடுவேஸ் வளர்ந்தது. அந்த நேரத்தில் இரண்டாம் உலக யுத்தம்.

முதலில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. அடுப்புக்கரியை எரித்து வாயு உண்டாக்கி அதில் என்ஜினை ஓட்டும் சாதனத்தை டி.வி.எஸ். தயாரித்தது. பின்னால் கரி உலையைச் சுமந்து ஓடிய பஸ்களை நம் தாத்தாக்கள் பார்த்திருக்கிறார்கள்.

பெட்ரோலுக்குக் கரி மாற்று. டயருக்கு எது மாற்று? 1942-ம் ஆண்டு தொடக்கத்தில் மலேயா ஜப்பானியர் கையில் விழுந்தது. சில வாரங்களில் ஜாவாவும் போயிற்று. உலகத்துக்கு வேண்டிய ரப்பரில் பெரும்பகுதி அந்தப் பக்கம்தான் விளைந்தது. இந்தியாவில் அப்போது இருந்த பெரிய டயர் தொழிற்சாலைகள் இரண்டு. ஒன்று வங்காளத்தில் சாகாகஞ்சில் டன்லப். மற்றது இங்கே சிவ்ரியில் ஃபயர்ஸ்டோன். அவற்றின் டயர்களில் ராணுவத்துக்குப் போனது போக மீதிதான் மற்றவர்களுக்கு. திருவிதாங்கூர் ரப்பர் மதுரைக்குப் பக்கம்தான். ஆனால் அதுவும் சர்க்கார் கட்டுப்பாட்டில். பணம் இருந்தும் டயர் கிடையாது என்றால் பஸ் ஷெட்டில்தான் நிற்கும். டிரைவரும் கண்டக்டரும் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

அந்தக் காலகட்டத்தில் அவர் ஆரம்பித்த தொழில்தான் டயர் ரீட்ரெடிங். நம் டிரைவர்கள் பேச்சில் ரீபட்டன்.

டயர் முழுவதும் ஒரே நேரத்தில் தேய்வதில்லை. சாலையைத் தொடும் பட்டன் தேய்ந்து மொட்டையாகும்போது, உள்ளே நூல் அடுக்குகளால் ஆன உடம்பு திடமாகவே இருக்கும். அதைத் தூக்கி எறிவது, அடிப்பாகம் தேய்ந்ததற்காகச் செருப்பையே எறிவது மாதிரி. மொட்டை டயரை முதலில் உள்ளும் புறமும் விரித்துப் பார்ப்பார்கள். ஆணி ஓட்டை இருந்தால் அடைப்பார்கள். ஓரத்துக் கம்பி அறுந்திருந்தால் அது குப்பைக்கு. தேறியதைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, ரப்பர் பசை பூசி, புது ரப்பர் பட்டையைச் சுற்றி, அச்சுக்குள் இறுக்கி நீராவிச் சூட்டில் வேகவைப்பார்கள். வெந்து வெளியே வரும்போது புதுப் பட்டன் பழைய உடம்போடு ஒன்றாகி இருக்கும். புது டயருக்கு ஆகும் ரப்பரில் ஒரு பங்குதான் செலவு. விலையும் பாதிக்குக் கீழே.

கேட்க எளிது. தொடங்குவது எளிதல்ல. கொதிகலன் வேண்டும். ஒவ்வொரு டயர் அளவுக்கும் தனி அச்சு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த டயரைத் தொடக் கூடாது என்று தெரிந்த கை வேண்டும். பலர் கோட்டை விடும் இடம் இதுதான். நெடுஞ்சாலை ஓரத்தில் உரிந்து கிடக்கும் டயர் பட்டைகளைப் பார்த்துவிட்டு ரீட்ரெடிங்கையே பழிக்கிறார்கள். அரைகுறையாகச் சுரண்டினாலும், ஈரத்தில் ஒட்டினாலும், வேக விடாமல் எடுத்தாலும் பட்டை உரியத்தான் செய்யும்.

அவருக்கு ஒரு வசதி இருந்தது. முதல் வாடிக்கைக்காரன் அவருடைய பஸ்சும் லாரியும்தான். வேலை மோசமானால் நஷ்டம் அவருக்கே. அதனால் ஏமாற்று வேலைக்கு அங்கே இடமில்லை என்பது என் கருத்து.

மகள் விஷயம்

தொழிலில் இவ்வளவு துணிந்தவர், வீட்டில் ஓரிடத்தில் தயங்கினார். மகள் சவுந்தரம் இளம் வயதிலேயே கணவரை இழந்தார். அந்தக் காலத்து வழக்கப்படி மூலையில் உட்கார வைக்காமல், டெல்லிக்கு அனுப்பி டாக்டருக்குப் படிக்க வைத்தார்கள். ஆனால் அதே மகள் ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்ய விரும்பியபோது குடும்பம் எதிர்த்தது. காந்திஜியின் ஆசியோடு 1940-ல் அந்தத் திருமணம் நடந்தது. 1947-ல் தம்பதியர் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கினார்கள்.

முதுமையில் பொறுப்பை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு அவர் விலகிக்கொண்டார். 1955-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந்தேதி, 78-வது வயதில், கொடைக்கானல் வீட்டில் காலமானார்.

பழைய டயரைப் புதுப்பித்த அந்தக் குழுமம் புது டயர் செய்ய ஸ்ரீசக்ரா நிறுவனத்தைத் தொடங்கியது 1982-ல். மதுரைக்கு அருகே வெள்ளரிப்பட்டியில் அதன் ஆலை எழுந்தது.