புளோ ஹைமன்: உயரத்துக்குள் ஒளிந்திருந்த நோய்

1986 ஜனவரி 24 ஆம் திகதி ஜப்பானின் மட்சுயே நகரில் நடைபெற்ற மகளிர் கரப்பந்தாட்டப் போட்டியொன்றில், ஆடுகளத்திலிருந்து மாற்றப்பட்டு வெளியே வந்து அமர்ந்த அமெரிக்க வீராங்கனை ஒருவர், தமது அணியினரை ஊக்கப்படுத்திய சில கணங்களில் நிலத்தில் சரிந்தார். அன்றே அவரது உயிர் பிரிந்தது. உலகின் தலைசிறந்த கரப்பந்தாட்ட வீராங்கனைகளுள் ஒருவராகப் போற்றப்பட்ட புளோ ஹைமனுக்கு அப்போது வயது 31.

1954 ஜூலை 31 ஆம் திகதி கலிபோர்னியா மாநிலத்தின் இங்கிள்வூட் நகரில், எட்டுப் பிள்ளைகளைக் கொண்ட குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இருவரும் நெடிய உருவத்தினர். பன்னிரண்டு வயதிலேயே ஆறடியை எட்டிவிட்ட அச்சிறுமிக்குத் தமது உயரம் கூச்சத்தையே அளித்தது. ஆனால் கரப்பந்தாட்டம் அந்தக் கூச்சத்தைப் பெருமையாக மாற்றியது. 6 அடி 5 அங்குல உயரமும் நீண்ட கரங்களும் வலைக்கு மேலாக அவர் அடித்த பந்துகளை எதிரணியினர் தடுக்கவியலாதனவாக்கின.

ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுப் புலமைப்பரிசில் பெற்ற முதற் பெண் அவரே. பின்னர் படிப்பை இடைநிறுத்தித் தேசிய அணிக்கே தம்மை அர்ப்பணித்தார். 1980 ஆம் ஆண்டு மொஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்தமையால் பல்லாண்டுப் பயிற்சி வீணாயிற்று. எனினும் மனந்தளராது நான்காண்டுகள் காத்திருந்து, 1984 இல் லொஸ் ஏஞ்சல்ஸில் தமது அணி வெள்ளிப் பதக்கம் பெறப் பெருந்துணை புரிந்தார். கல்வி நிறுவனங்களில் பெண்களுக்கு எதிரான பாரபட்சத்தைத் தடுக்கும் சட்டத்தை வலுப்படுத்துமாறு அமெரிக்கக் காங்கிரஸில் குரல் கொடுத்தமையும் அவரது வாழ்வின் முக்கிய பணியாகும்.

அவரது மரணத்துக்கு மாரடைப்பே காரணமென முதலில் கருதப்பட்டது. குடும்பத்தினரின் வேண்டுகோளின்பேரில் கலிபோர்னியாவில் நடத்தப்பட்ட பிரேத பரிசோதனையே உண்மையை வெளிக்கொணர்ந்தது. இதயத்திலிருந்து உடலெங்கும் குருதியைக் கொண்டுசெல்லும் பெருநாடி கிழிந்திருந்தது. அதற்குக் காரணம் மார்பன் நோய் எனப்படும் பரம்பரைக் குறைபாடாகும்.

1896 ஆம் ஆண்டு பரிஸ் நகர வைத்தியர் அன்ரோயின் மார்பன், மிக நீண்ட விரல்களையுடைய ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி எழுதிய குறிப்பினாலேயே இந்நோய் அவரது பெயரைப் பெற்றது. உடலின் இழையங்களுக்கு உறுதியளிக்கும் பிப்ரிலின் என்ற புரதத்திற்குரிய பரம்பரையலகில் ஏற்படும் மாற்றமே நோயின் மூலம் என்பது 1991 இல் கண்டறியப்பட்டது. கண்வில்லை இடம்பெயர்தல், கடுமையான குறும்பார்வை, இதய வால்வுக் கோளாறு, பெருநாடி விரிவடைதல் ஆகியன இதன் விளைவுகளாகும். ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவரை இது பாதிக்கின்றது. நோயுள்ள ஒருவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் இது கடத்தப்பட 50 சதவீத வாய்ப்புண்டு. ஏறக்குறைய கால்வாசிப் பேரிலோ, பெற்றோருக்கு நோயில்லாத நிலையிலும் இது புதிதாகத் தோன்றுகின்றது.

ஹைமனிடம் அசாதாரண உயரம், நீண்ட கைகள், பெரிய உள்ளங்கைகள், குறும்பார்வை ஆகிய அறிகுறிகள் யாவும் காணப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் கண்டு வியந்த அந்த உடலில் அவை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கப்படவில்லை என்பதே பெருந்துயராகும். அவரது மரணத்தின் பின்னர் உடன்பிறந்தோர் பரிசோதிக்கப்பட்டபோது சகோதரர் ஒருவருக்கும் அதே நோய் இருப்பது தெரியவந்தது. உரிய காலத்தில் மேற்கொள்ளப்பட்ட சத்திரசிகிச்சை அவரைக் காப்பாற்றியது.

1972 இல் வெளியான ஆய்வொன்றின்படி மார்பன் நோயாளர் மரணமடைந்த சராசரி வயது 32 ஆகும். இன்றோ இதயத்தை எக்கோ கருவி மூலம் கிரமமாகப் பரிசோதித்தல், பெருநாடியின் மீதான அழுத்தத்தைக் குறைக்கும் மருந்துகள், கிழிவதற்கு முன்பே செய்யப்படும் சத்திரசிகிச்சை என்பவற்றால் அவர்களுள் பலர் முதுமை வரை வாழ்கின்றனர். அதற்கு நோய் முன்கூட்டியே அறியப்பட வேண்டும்.

கரப்பந்தாட்டத்தைத் தேசிய விளையாட்டாகக் கொண்ட எமது நாட்டிலும் உயரமான பிள்ளைகளே அணிகளுக்கு விரும்பித் தெரிவு செய்யப்படுகின்றனர். உயரமானோர் அனைவரும் நோயாளர் அல்லர். ஆயினும் நெடிய மெலிந்த உடலுடன் நீண்ட விரல்களும் பார்வைக் குறைபாடும் சேர்ந்திருந்தால், அல்லது குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென மரணித்திருந்தால், அப்பிள்ளையை ஆடுகளத்துக்கு அனுப்புமுன் இதய வைத்திய நிபுணரிடம் அனுப்புவது பெற்றோரினதும் பயிற்றுவிப்பாளரினதும் கடமையாகும்.