கார்பெட்டும் உறங்கிய புலியும்

எங்கள் ஊர் வடகரப்பதி. பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கீழைக் கோடியில், கோவை மாவட்டத்தை ஒட்டிக் கிடக்கும் மழை குறைந்த பூமி. ஆட்சி கேரளத்தினுடையது, அடுப்பங்கரையிலும் தோட்டத்திலும் பேசுவது தமிழ். வடக்கே வாளையாற்று மலைகள் தெரியும். தெற்கே ஆனைமலைத் தொடர் நீலமாய்ப் படுத்திருக்கும். இவ்வூரில் பிறந்த நான், இமயத்தடியில் பிறந்து ஆப்பிரிக்காவில் மாண்ட ஒரு வெள்ளையரைப் பற்றி எழுத வருவானேன் என்று மன்றத்து நண்பர்கள் கேட்கலாம். காரணம் எங்கள் அப்புச்சி.

நான் ஒன்பதாம் வகுப்பில் படித்த ஆண்டு அப்புச்சியின் நிலக்கடலைக் காட்டில் பன்றிக் கூட்டம் புகுந்தது. ஓர் இரவில் அரை ஏக்கர் போயிற்று. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர், அவுட்டுக்காய் வைத்தால் இரண்டே நாளில் தொல்லை தீரும் என்று சொல்லிவிட்டுப் போனார். மாவுருண்டைக்குள் வெடிமருந்தைப் பொதிந்து வைப்பது அது. பன்றி கடித்தால் வாய் சிதறும். அந்நாளில்தான் பள்ளி நூலகத்தில் ஜிம் கார்பெட்டின் குமாயுன் புலிகள் தமிழில் எனக்குக் கிடைத்தது. சாளையில் காவல் படுக்கும்போது இரவுதோறும் ஒவ்வொரு கதையாக அப்புச்சிக்குச் சொல்லி வந்தேன். வேட்டைக்காரனுக்கும் நேர்மை வேண்டும் என்று அவருக்கு உணர்த்தி, அவுட்டுக்காயைத் தடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். அவரோ ஒரு கதையைப் பிடித்துக்கொண்டு என்னையே மடக்கினார். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் மனிதரைப் பார்ப்போம்.

எட்வர்டு ஜேம்ஸ் கார்பெட் 1875 ஜூலை 25-ஆம் நாள் நைனிடாலில் பிறந்தார். தந்தை அவ்வூர் அஞ்சல் நிலையத் தலைவர். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம். ஜிம்முக்கு ஆறு வயது நிரம்புமுன் தந்தை இறந்தார். குளிர்காலத்தில் குடும்பம் மலையிறங்கிக் காலாதுங்கி என்னும் சிற்றூரில் தங்கும். அங்கேதான் சிறுவன் காட்டைப் படித்தான். குன்வர் சிங் என்ற உள்ளூர்க்காரர் அவனுக்கு ஆசான். சட்டத்தின் கண்ணில் அவர் திருட்டு வேட்டைக்காரர். கையில் கிடைத்த முதல் துப்பாக்கி, ஒரு குழல் பிளந்து பித்தளைக் கம்பியால் இறுக்கிக் கட்டப்பட்ட கிழட்டுத் துப்பாக்கி. ஒருநாள் அதை வைத்துக்கொண்டு காட்டுக் கோழிக்காகப் பதுங்கிச் செல்கையில், எதிரே இலந்தைப் புதர் அசைந்து ஒரு புலி வெளியே வந்தது. பையனைத் திரும்பிப் பார்த்தது. பிறகு தன்பாட்டில் நடந்து போயிற்று. புலி காரணமின்றி மனிதனைத் தொடாது என்ற அவருடைய வாழ்நாள் நம்பிக்கைக்கு அன்றே விதை விழுந்தது எனலாம்.

பதினெட்டு வயதளவில் வங்காள வடமேற்கு ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு கங்கைக் கரையில் மொகாமா காட் என்னுமிடத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தத்தை எடுத்து, இருபது ஆண்டுக்கு மேல் கூலியாட்களுடன் தாமும் நிலக்கரி வாரினார். முதல் உலகப் போரில் குமாயுன் மலையாட்கள் ஐந்நூறு பேரைத் திரட்டிப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை, தமக்கை மாகியே துணை.

1907-இல் சம்பாவத் புலிதான் அவர் சுட்ட முதல் ஆட்கொல்லி. நேபாளத்திலும் குமாயுனிலுமாக 436 பேரைக் கொன்ற பெண்புலி அது. அரசு அழைத்தபோது கார்பெட் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். புலியின் தலைக்கு அறிவித்திருந்த பரிசுப் பணத்தை நீக்கவேண்டும். அங்கே திரியும் மற்றத் துப்பாக்கிக்காரர்களைத் திருப்பி அழைக்கவேண்டும். பணத்துக்காகக் கொல்பவன் என்ற பெயர் தமக்கு வேண்டாம் என்பது முதலாவதன் பொருள். இரண்டாவதில் தற்காப்பும் உண்டு: புதருக்குள் அசைவதெல்லாம் புலி என்று சுடுகிறவனுக்கு முன்னால் நடக்க யாருக்குத்தான் துணிவு வரும்? தாசில்தாருடன் சேர்ந்து 298 ஊராட்களைத் திரட்டி, மேளமும் கூச்சலுமாக மலையைக் கலைத்தார். கையில் கொண்டுபோனவை மூன்றே தோட்டாக்கள். அவை தீர்ந்தபின் தாசில்தாரின் பழந் துப்பாக்கியை ஓடிப்போய் வாங்கிவந்து கதையை முடிக்க நேர்ந்தது.

செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. வலப்பக்கத்து மேல் கோரைப்பல் பாதி உடைந்திருந்தது. கீழ்ப்பல் எலும்புவரை போயிருந்தது. என்றோ எவனோ சுட்ட குண்டு அது. சுட்டவன் இரத்தத் தடத்தைத் தொடராமல் வீட்டுக்குப் போய்விட்டான். இயல்பான இரையைப் பிடிக்கமுடியாத புலி மனிதனிடம் வந்தது. காயப்படுத்திய விலங்கைத் தேடிச் சென்று முடிக்காமல் விடக்கூடாது என்பது எல்லா நாட்டு வேட்டை மரபிலும் முதல் விதி. சோம்பலாலோ அச்சத்தாலோ அதை மீறிய ஒருவனுக்காக 436 பேர் விலை கொடுத்தார்கள். கார்பெட் எழுதியவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தச் செய்திதான்.

1910-இல் பனார் சிறுத்தை. 400 பேரைக் கொன்றது. 1930-இல் சௌகர் பெண்புலி. அதைச் சுட்ட வேளையில் அவரது இடக்கையில் பக்கிக் குருவியின் முட்டைகள் இரண்டு இருந்தன. முட்டைகளைக் கீழே போடாமல் ஒற்றைக் கையால் துப்பாக்கியைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சுட்டார். பிறகு அவற்றை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார். தாய்க்குருவியும் மறுபடி வந்து அடைகாத்தது.

இனி அப்புச்சி பிடித்துக்கொண்ட கதை. மோகன் என்ற இடத்தில் ஓர் ஆட்கொல்லி. அது நடக்கும்போது மெல்ல முனகும் ஒலி கேட்கும் என்று மக்கள் நடுங்கினார்கள். கார்பெட் அதைத் தேடிச் சென்றபோது, புலி உறங்கிக்கொண்டிருந்தது. மிக அருகில் நின்றார். எழுப்பவில்லை; உறங்கிய தலையிலேயே சுட்டார். முன்னங்காலில் முள்ளம்பன்றி முட்கள் இருபதுக்கு மேல் புதைந்து சதை அழுகியிருந்தது. முனகலின் காரணம் அதுதான். அந்தப் புலியைச் சுட்டது சரியே என்பதற்கு அவர் காரணங்களை அடுக்குகிறார்: அது மனிதரைக் கொல்வது, தப்பவிட்டால் நாளை இன்னொரு பெண் புல்லறுக்கப் போய்த் திரும்பமாட்டாள். அத்தனையும் சொன்ன பிறகும், எழுப்பி அதற்கொரு வாய்ப்புத் தரவில்லையே என்ற வருத்தம் தமக்கு நீங்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதிவிட்டார்.

இதைக் கேட்ட அப்புச்சி, உறங்குகிற உயிரைக் கொல்வதும் மாவுருண்டையில் வெடி வைப்பதும் ஒன்றுதானே என்றார். இரண்டிலும் விலங்குக்கு ஒன்றும் தெரியாதே. உன் துரை செய்தால் வீரம், குடியானவன் செய்தால் பாவமா என்று கேட்டார். பதினான்கு வயதில் எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

கேள்வி எளியதன்று. ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். கேதாரநாதம், பத்ரிநாதம் போகும் யாத்திரைப் பாதையில் 1918 முதல் எட்டு ஆண்டு அது ஆட்சி செலுத்தியது. அரசுக் கணக்கில் மட்டும் 125 உயிர். அதன்மேல் கார்பெட் எதைத்தான் பயன்படுத்தவில்லை? இரும்புப் பொறி வைத்தார், நஞ்சு வைத்தார், தானே வெடிக்கும் துப்பாக்கி வைத்தார். எல்லாவற்றுக்கும் அது தப்பியது. கடைசியில் கோலாப்ராய் என்ற இடத்து மாமரத்தின்மேல், கீழே மணி கட்டிய ஆட்டை விட்டுப் பல இரவு காத்திருந்து, 1926 மே மாதத் தொடக்கத்தில் கைவிளக்கின் ஒரு கணத்து ஒளியில் சுட்டார். 1938 நவம்பர் 30-இல் கடைசி ஆட்கொல்லியான தக் பெண்புலியைச் சுட்டபோது அவருக்கு வயது 63. துணையைத் தேடும் புலியின் குரலைத் தாமே எழுப்பி அதை வரவழைத்தார். அது ஏமாற்று இல்லையா? ஏமாற்றுத்தான். ஆள் தின்னும் விலங்கிடம் விளையாட்டு விதிகள் செல்லா என்பதே அவர் கொண்ட கொள்கை. ஆட்கொல்லி என்று உறுதிப்படாத புலியை, ஆட்கொல்லி என்ற பெயரால் சுடக்கூடாது என்பது அதன் மறுபக்கம்.

அவரைத் தெய்வமாக்கிவிடவும் நான் ஒருப்படேன். 1930-இல் அவர் சுட்ட பவல்கர் புலி ஒரு மனிதனையும் தொட்டதில்லை. அளவில் பெரியது என்பதற்காகப் பத்தாண்டு காலம் பலர் துரத்திய விலங்கு அது, அவரும் துரத்தினார். வைசிராய் லின்லித்கோ பிரபுவின் வேட்டைகளுக்கு ஏற்பாடு செய்து கொடுத்தவரும் அவரே. எனினும் அந்த ஆண்டுகளிலேயே துப்பாக்கியை விடப் படக்கருவியில் அவர் நாட்டம் மிகுந்தது. காட்டதிகாரி சாம்பியன் இரவில் எடுத்த புலிப்படங்கள் அவரை ஈர்த்தன. 1936-இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா ஹெய்லி பெயரால் அமைந்தபோது அதற்கு உழைத்தவர்களில் அவரும் ஒருவர். இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

1947-இன் இறுதியில், நைனிடால் வீட்டை விற்றுவிட்டு, தமக்கையுடன் கென்யாவுக்குப் போய் நியேரியில் குடியேறினார். ஆப்பிரிக்கா அவருக்குப் புதிதன்று; தாங்கனீக்காவில் நண்பர் வின்டமுடன் தோட்டப் பங்கு இருந்தது. அவர் போன காலத்து ஆப்பிரிக்க வேட்டை வேறுவகை. பணக்காரர்கள் மோட்டார் வண்டியில் சிங்கத்தை விரட்டி, வண்டியில் இருந்தபடியே சுட்ட கொடுமையை டெனிஸ் ஃபின்ச் ஹாட்டன் என்ற தொழில் வேட்டைக்காரரே 1920-களின் இறுதியில் லண்டன் இதழில் கண்டித்து எழுதியிருந்தார். 1934-இல் நைரோபியில் தொழில் வேட்டைக்காரர்கள் சங்கம் கண்டு ஒழுங்குகள் வகுத்தார்கள். 1977-இல் கென்யா வேட்டையையே தடைசெய்தது. விதி எழுதிய பிறகும் மீறல் நிற்கவில்லை என்பதற்கு, 2015-இல் ஜிம்பாப்வேயில் பூங்கா எல்லைக்கு வெளியே இழுத்து அம்பெய்து கொல்லப்பட்ட செசில் சிங்கமே சான்று.

நம் மலைகளிலும் இந்த வழக்குப் பழையதே. 1877-இல் நீலகிரியில் வேட்டைச் சங்கம் தோன்றியது. 1879-இல் சட்டமே வந்தது. இடுக்கியின் இரவிகுளத்தில், தேயிலைத் தோட்டத் துரைமார் முதுவர்களைக் காவலுக்கு வைத்து வரையாட்டைக் காத்தார்கள். முதுகு வெளுத்த கிழ ஆண் ஆட்டையே சுடுவது அங்கே முறை. தாங்கள் சுடுவதற்கென்றே காத்தார்கள் என்பது மெய். ஆனாலும் வரையாடு பிழைத்தது. 1978-இல் அது தேசியப் பூங்காவாயிற்று.

கார்பெட் நியேரியில் நூல்கள் எழுதினார், விலங்குகளைப் படம் பிடித்தார். 1952 பிப்ரவரியில் ட்ரீடாப்ஸ் மரவீட்டில் இளவரசி எலிசபெத் தங்கிய இரவு அவரும் அங்கிருந்தார். அவ்விரவில்தான் சாண்ட்ரிங்காம் மாளிகையில் மன்னர் மறைந்து இளவரசி அரசியானார். 1955 ஏப்ரல் 19-இல் மாரடைப்பால் கார்பெட் மறைந்தார். நியேரி தேவாலயத்து இடுகாட்டில் அவர் கல்லறை இருக்கிறது.

அப்புச்சியின் கேள்விக்குச் சில ஆண்டுகள் கழித்து எங்கள் மாவட்டமே ஒரு விடை கொடுத்தது. 2020 மே மாதம், மண்ணார்க்காட்டுப் பக்கத்தில் வெடி பொதிந்த பழத்தைக் கடித்த சூல்யானை ஒன்று, வாய் புண்ணாகி, வெள்ளியாற்று நீரில் நின்றபடியே செத்தது. கார்பெட் தம் இரையின் எதிரே நின்றார். யாரைச் சுடுகிறோம் என்று கண்டு சுட்டார். வைத்துவிட்டு வீட்டில் உறங்குகிறவனுக்கு, கடிப்பது பன்றியா யானையா நாயா என்று தெரியாது. 2022-இல் கேரள அரசு, பயிரழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட ஆணையிடும் உரிமையை ஊராட்சித் தலைவர்களுக்குத் தந்தபோது, வெடி, நஞ்சு, மின்சாரம் மூன்றையும் விலக்கியது.

அந்தச் செய்தியை அப்புச்சிக்குத் தாளில் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, கடலைக்கு யார் ஈடு தருவார்கள் என்றார். அவர் அவுட்டுக்காய் வைக்கவில்லை. அந்த மாசியில் சாளையில் தகர டின்னும் கைவிளக்குமாக நாங்கள் பதினோரு இரவு விழித்தோம். பன்றிகள் பன்னிரண்டாம் இரவு வந்தன. அடுத்த ஆண்டு அக்காட்டில் அவர் கடலை போடவில்லை. தென்னை வைத்தார்.